பிள்ளைகளோடு குதிரைத் திடலுக்கு

அன்பு நேயர்களே, வணக்கம்.

குதிரைப் பந்தயத் திடலில் குடும்ப நாள் என்று அறிவிப்பு வந்ததும், நம் சுங்கை சிப்புட் பக்கத்துப் பெற்றோர் முதலில் கேட்பது, "பிள்ளைங்கள அங்கெல்லாம் கூட்டிக்கிட்டுப் போலாமா?" என்பதுதான். பணம் கட்டிச் சூதாடுகிற இடமாயிற்றே, நியாயமான கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் குதிரையைப் பற்றிப் பேசிவிடுவோம், பிள்ளை பார்க்க வருவது அதைத்தானே.

சிங்கப்பூரில் 2024 அக்டோபரோடு பந்தயம் நின்றுவிட்டது. அடுத்த ஆண்டு பினாங்கிலும் நின்றது. நமக்கு இப்போது பக்கத்தில் இருப்பது ஈப்போ, அதை விட்டால் கோலாலம்பூர் பக்கம் சுங்கை பீசி. இரட்டைக் கோபுரம் நிற்கிறதே, அந்த இடமும் ஒரு காலத்தில் குதிரை ஓடிய திடல்தான். போகும் வழியில் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், கண்ணை அகல விரிப்பார்கள்.

திடலுக்குள் நுழைந்ததும் எல்லாரும் ஓட்டம் முடிகிற கம்பத்துக்கு நேராக இடம் பிடிக்க ஓடுவார்கள். சின்னப் பிள்ளைக்கு அந்த இடம் வீண். 1200 மீட்டர் ஓட்டம் ஒன்றேகால் நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதிலும் நம் கண்ணெதிரே குதிரை பாய்வது சில விநாடிதான். "எங்கம்மா, எங்க?" என்று கேட்டு முடிப்பதற்குள் போயே போய்விடும். அடுத்த ஓட்டத்துக்கு ஏறக்குறைய அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிள்ளை சிணுங்குவது அப்போதுதான்.

நீங்கள் போக வேண்டிய இடம் நடை வளையம். ஓடப்போகும் குதிரைகளைச் சைஸ்மார்கள் கையில் பிடித்துச் சுற்றிச் சுற்றி நடத்திக் காட்டுகிற இடம் அது. சைஸ் என்றால் குதிரையைக் குளிப்பாட்டி, தீனி வைத்து, கூடவே இருந்து பார்த்துக்கொள்பவர். ஒரு பந்தயக் குதிரை 450, 500 கிலோ இருக்கும். அதை ஒரே ஆள் ஒரு வாரைப் பிடித்து நடத்திவருவதைப் பிள்ளை வேலியோரம் நின்று பார்க்கட்டும்.

காதைப் பார்க்கச் சொல்லுங்கள். காது முன்னால் நிமிர்ந்திருந்தால் குதிரை எதையோ ஆவலாகக் கவனிக்கிறது. ஒரு காது மட்டும் பின்னால் திரும்பினால் பின்னால் ஏதோ சத்தம் கேட்கிறது. இரண்டும் பின்னால் மடிந்து கழுத்தோடு ஒட்டிக்கொண்டால் கோபம். இதைச் சொல்லிக்கொடுத்தால் போதும், எந்தக் குதிரை என்ன மனநிலையில் இருக்கிறது என்று பிள்ளையே உங்களுக்குச் சொல்லும்.

அடுத்து வேர்வை. கழுத்தில் வார் உரசுகிற இடத்திலும் பின்தொடைகளுக்கு நடுவிலும் வெள்ளை நுரை தெரியும். "சோப்பு போட்டாங்களா?" என்று பிள்ளை கேட்கும். சோப்பு இல்லை. குதிரையின் வேர்வையிலேயே நுரைக்கிற ஒரு புரதம் இருக்கிறது. மெழுகு பூசியது போல நீர் ஒட்டாத குதிரை மயிரை நனைத்து, வேர்வையை மேலே பரப்பி உலரவிட அது உதவுகிறது. நம் நாட்டில் ஓடும் குதிரைகள் பெரும்பாலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து வருபவை. இந்தப் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு நாளாக நாளாக வேர்ப்பதே நின்றுபோகும். தோல் காய்ந்து கிடக்கும், மூக்கு விரிந்து மூச்சு வாங்கும், உடம்புச் சூடு இறங்கவே இறங்காது. குதிரைக்கு அது ஆபத்து. ஓட்டப் பயிற்சியை விடிவதற்கு முன்பே தொடங்குவது இந்த வெயிலை நினைத்துத்தான். பால்மரம் வெட்டப் போனவர்கள் எழுந்த அதே நேரம்.

இப்போது ஒன்று சொல்கிறேன், தயவுசெய்து கேட்டுக்கொள்ளுங்கள். குடை கொண்டுபோகாதீர்கள். வெயிலாக இருந்தாலும் வேண்டாம், தூறினாலும் வேண்டாம். குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருக்கிறது. ஏறக்குறைய முழு வட்டமும் அதற்குத் தெரியும். தெரியாத இடம் இரண்டே இரண்டு: மூக்குக்கு நேர் முன்னால் கொஞ்சம், வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சம். வேட்டையாடப்படுகிற விலங்கு அது. ஓரக்கண்ணில் பெரிதாக ஒன்று "டப்" என்று விரிந்தால், என்னவென்று பார்க்க நிற்காது, துள்ளிவிடும். பலூன், படபடக்கிற பிளாஸ்டிக் பை எல்லாமே அப்படித்தான். பலூன் கொடுத்தால், பிள்ளை குதிரைப் பக்கம் இருக்கும்வரை யாராவது பெரியவர் அதை வாங்கித் தூரத்தில் வைத்திருங்கள். தொப்பியும் மழைச்சட்டையும் போதும். மறுபடியும் சொல்கிறேன், குடை வேண்டாம்.

பின்பக்கமாக யாரும் போகக் கூடாது. ஒரு காரின் நீளத்துக்குக் குறையாமல் தள்ளி நில்லுங்கள்.

மட்டக்குதிரைச் சவாரி இருந்தால் பிள்ளைக்கு முன்பக்கம் மூடிய சப்பாத்து போடுங்கள், கொஞ்சம் குதிகால் இருந்தால் நல்லது. செருப்போடு ஏற்றினால், சேணத்தில் தொங்குகிற மிதி வளையத்துக்குள் கால் முழுதாக நுழைந்து மாட்டிக்கொள்ளும்; விழுந்தால் இழுபடும். பாதத்தின் முன்பாகம் மட்டும் வளையத்தில் இருக்க வேண்டும். தலைக்கவசம் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அளவில் நிற்கணும். தாடை வாருக்கு அடியில் ஒரு விரல் நுழையணும். இடப்பக்கமாக ஏற்றுவார்கள். ஒருவர் குதிரையைப் பிடிக்க, இன்னொருவர் பிள்ளைக்குப் பக்கத்தில் நடக்கிறாரா என்று பாருங்கள். குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சுமக்கலாம் என்பது பொதுக் கணக்கு. 200 கிலோ மட்டக்குதிரைக்குச் சேணத்தோடு சேர்த்து 40 கிலோ. பெரிய பிள்ளையை ஏற்றச் சொல்லி அடம்பிடிக்காதீர்கள்.

தீனி? மட்டக்குதிரைக்கு, பொறுப்பாளர் சரி என்றால் மட்டும். கேரட்டை வட்டமாக நறுக்காமல் நீளவாக்கில் நறுக்குங்கள், வட்டத் துண்டு தொண்டையில் அடைக்கும். உள்ளங்கையைத் தட்டையாக விரித்து, கட்டைவிரலை ஒட்டி வைத்துக் கொடுக்கணும். பந்தயக் குதிரைக்கு எதுவும், எதுவுமே, கொடுக்கக் கூடாது. பிள்ளையின் மைலோ பிசுபிசுத்த கையை நக்கவிடவும் கூடாது. கொக்கோவில் இருக்கும் தியோபுரோமின் என்ற பொருள் பந்தயக் குதிரைகளுக்குத் தடைசெய்யப்பட்டது. சிறுநீர்ச் சோதனையில் வரம்புக்கு மேல் தெரிந்தால் வென்ற குதிரை வெற்றியை இழக்கலாம்.

நேரம் நெருங்கிவிட்டது, எதிரே கைகாட்டுகிறார்கள். கடைசியில் சொல்வதாகச் சொன்னது சூதாட்டம். சுருக்கமாகவே முடிகிறது, மன்னிக்கவும். கூட்டிக்கொண்டு போகலாம். ஆனால் பணம் கட்டும் முகப்புப் பக்கம் பிள்ளையோடு போகாதீர்கள். "நீ ஒரு நம்பர் சொல்லுடா கண்ணு" என்று விளையாட்டுக்குக்கூடக் கேட்காதீர்கள். அந்த நம்பர் வந்தாலும் கெடுதல், வராவிட்டாலும் பிள்ளை தன்னால்தான் என்று நினைக்கும். அதற்குப் பதில், நடை வளையத்தில் யாருக்கு எந்தக் குதிரை பிடித்தது என்று பெயர் சொல்லி வைத்து, ஓடும்போது அதன் ஜாக்கியின் சட்டை நிறத்தைத் தேடச் சொல்லுங்கள். சாப்பிடும் முன் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். சாயங்காலம் இடி கேட்டால் காருக்குப் போய்விடுங்கள். வணக்கம்.