நானோ வெள்ளி சாக்ஸ்: 6 துவையலில் நாற்றம் திரும்பிவிட்டது

வணக்கம் மக்களே. கொல்லிமலை வீடியோவில் ஆசை ஆசையாகக் காட்டினேனே, நானோ வெள்ளி சாக்ஸ் (நாற்றம் வராமலிருக்க, கிருமியைக் கொல்லும் வெள்ளித் துகள்களைத் துணியில் ஏற்றியது), அதைப் பற்றித்தான். ஒரு ஜோடி 649 ரூபாய். 6 முறைதான் துவைத்தேன், நாற்றம் திரும்பிவிட்டது. 649 ரூபாய்! அந்தக் காசுக்குச் சாதாரணப் பருத்தி சாக்ஸ் ஐந்தாறு ஜோடி வாங்கியிருக்கலாம். அட்டையில் ‘ஆயுளுக்கும் கிருமி அண்டாது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். என் கோபமெல்லாம் அந்த ‘ஆயுளுக்கும்’ மேல்தான். வெள்ளி மேல் இல்லை.

வெள்ளி வேலை செய்யும். ஈரம் பட்டதும் அதிலிருந்து அயனிகள், அதாவது மின்னூட்டம் கொண்ட வெள்ளி அணுக்கள், கரைந்து வரும். அவை பாக்டீரியாவின் புரதங்களில் உள்ள கந்தகத்தைப் பற்றிக்கொண்டு, அதன் உயிர் வேலைகளை நடத்தும் என்சைம்களை முடக்கிவிடும். நானோ துகள் 100 நானோமீட்டருக்கும் சின்னது (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்). அதே எடைக்குப் பரப்பு பல மடங்கு, அதனால் அயனியும் வேகமாக வரும். வேகமாக வந்தால் வேகமாகத் தீரும்தானே? 2008-ல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இப்படிப்பட்ட சாக்ஸ்களைத் தண்ணீரில் அலசிப் பார்த்தார்கள். சிலவற்றில் நாலே அலசலில் கிட்டத்தட்ட எல்லா வெள்ளியும் போய்விட்டது. சிலவற்றில் அப்படியே இருந்தது. துணியில் எப்படி ஏற்றினார்கள் என்பதுதான் விஷயம். அதை அட்டையில் போட மாட்டார்கள்!

முக்கியமானதை விட்டுவிட்டேன், வெள்ளி மருத்துவத்திலும் உதவியிருக்கிறது. 1880-களில் ஜெர்மனியின் லைப்சிக்கில் கிரேடே என்ற மகப்பேறு மருத்துவர், பிறந்த குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் சொட்டு விட்டார். பத்தில் ஒரு குழந்தைக்கு வந்துகொண்டிருந்த கண் தொற்று, நூற்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. எத்தனை குழந்தைகளுக்குப் பார்வை தப்பியிருக்கும்! தீக்காயத்துக்குத் தடவும் வெள்ளைக் களிம்பு, சில்வர் சல்ஃபாடையசின், அதுவும் இந்த வழியில் வந்ததுதான்.

அப்புறம், போன வீடியோவின் கீழே நிறையப் பேர் கூழ்ம வெள்ளி (நுண்ணிய வெள்ளித் துகள் கலந்த தண்ணீர்) குடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். உடம்பில் சேர்ந்தால் தோல் நீலச் சாம்பலாக மாறிவிடும், பழையபடி திரும்பாது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1999-லேயே, கடையில் விற்கும் அந்தச் சரக்குக்குப் பாதுகாப்பும் இல்லை, பலனும் இல்லை என்று சொல்லிவிட்டது.

எங்கள் பாட்டி வெள்ளிச் சங்கில்தான் எனக்குப் பால் புகட்டினார். வெள்ளிதானே என்று விடமாட்டார், ஒவ்வொரு முறையும் வெந்நீரில் கொதிக்கவைத்துத்தான் எடுப்பார். சாக்ஸையும் இப்போது வெந்நீரில்தான் ஊறப்போட்டிருக்கிறேன், காய்ந்ததும் காட்டுகிறேன்.