பத்து ஒட்டகங்களுக்குத் தண்ணீர்

நேயர்கள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

"ஜெபித்துப் பார்த்தோம், ஆண்டவர் தடை பண்ணுகிறார்." பெண் பார்த்துவிட்டுப் போனவர்களிடமிருந்து இப்படி ஒரு போன் வருவது நம்ம சபைகளில் வளர்ந்த எவருக்கும் பழக்கமானதுதான். நகை குறைவு என்பதை இதைவிடப் பக்தியாகச் சொல்ல முடியாது! உண்மையாகவே முழங்காலில் நின்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைச் சொல்லவில்லை. ஆனால் நாமே எடுத்த முடிவை ஆண்டவர் தலையில் கட்டிவிடுவது நமக்குக் கைவந்த கலை.

நானும் அதைச் செய்தவன்தான். 26 வயதில் துபாயில் ஒரு வேலை கிடைத்தது. அப்பா காலமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, வீட்டில் அம்மாவும் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த தங்கையும்தான். போகலாமா வேண்டாமா என்று கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து விரலை வைத்தேன். பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமம், 46-ஆம் அதிகாரம். எகிப்துக்குப் போகப் பயப்பட வேண்டாம் என்று ஆண்டவர் யாக்கோபுக்குச் சொல்கிற இடம். துள்ளிக் குதித்துக்கொண்டு அம்மாவிடம் காட்டினால், அவர்கள் நிதானமாகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்னோக்கிப் புரட்டி 26-ஆம் அதிகாரத்தைக் காட்டினார்கள். அங்கே அதே ஆண்டவர் யாக்கோபின் அப்பா ஈசாக்கிடம், எகிப்துக்குப் போகாதே என்கிறார். இரண்டு இடத்திலும் பஞ்சம்தான், இரண்டு இடத்திலும் எகிப்துதான், பதில் மட்டும் நேர் எதிர். என் விரல் சில பக்கம் முன்னால் விழுந்திருந்தால் என் வாழ்க்கையே வேறு என்றால், என்னை நடத்துவது ஆண்டவரா, புத்தக பைண்டிங்கா?

அப்புறம் சபையில் ஒரு பெரியவரிடம் போனேன். கடன் எவ்வளவு, தங்கை படிப்பு முடிய எத்தனை வருஷம், ராத்திரியில் அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் யார் ஆட்டோ பிடிப்பது என்று வரிசையாகக் கேட்டார். தேவ சித்தம் கேட்க வந்தால் இவர் வீட்டுக் கணக்கு கேட்கிறாரே என்று எரிச்சல்தான் வந்தது.

சரி, அடையாளம் கேட்பதே தப்பா? ஆதியாகமம் 24-ஐப் பாருங்கள். ஈசாக்குக்குப் பெண் தேடி, அவன் அப்பா ஆபிரகாமின் ஊழியக்காரன் 10 ஒட்டகங்களோடு போகிறான், ஊருக்கு வெளியே துரவண்டையில், அதாவது கிணற்றருகே, நின்று அடையாளம் கேட்கிறான். சிவப்புத் துணி உடுத்தி வருகிறவள், முதலில் வருகிறவள் என்றெல்லாம் அவன் கேட்கவில்லை. எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, ஒட்டகங்களுக்கும் வார்ப்பேன் என்று தானாகச் சொல்கிற பெண்ணாக இருக்க வேண்டும் என்கிறான். தாகத்தோடு வந்த ஒரு ஒட்டகம் 100 லிட்டர்கூடக் குடிக்கும். குடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும், அவன் கேட்டபடியே சொன்ன ரெபெக்காள் அந்தத் துரவில் எத்தனை தடவை இறங்கி ஏறியிருப்பாள்! அவன் கேட்ட அடையாளமே அவளுடைய குணம்தான். முன்பின் தெரியாதவனுக்காக இப்படி இடுப்பொடிய உழைக்கிறவள் எந்த வீட்டுக்கும் ஏற்றவள் என்று அந்தக் கிழவருக்குத் தெரிந்திருக்கிறது (கிழவர் என்பது தப்பில்லை, ஆபிரகாமின் வீட்டில் வயதில் மூத்த ஊழியக்காரன் அவன்).

அப்போதும் அவன் அல்லேலூயா என்று குதிக்கவில்லை. ஒட்டகங்கள் குடித்து முடிக்கும்வரை, பிரயாணம் வாய்த்ததோ இல்லையோ என்று மௌனமாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். மறுநாள் பெண் வீட்டார் ரெபெக்காளையே கூப்பிட்டு, இந்த மனிதனோடு போகிறாயா என்று கேட்கிறார்கள். போகிறேன் என்கிறாள். நம்ம வீடுகளில் கடைசிவரை கேட்காமலே விட்டுவிடுகிற கேள்வி அது.

நானும் துபாய் போனேன். இரண்டு வருஷம் கழித்து, தங்கை படிப்பு முடிந்த பிறகு, வேறொரு கம்பெனிக்கு. முதலில் வந்த வேலையைவிடச் சம்பளம் குறைவு. ஆண்டவர் சொன்னார் என்று அந்தத் தடவை யாரிடமும் நான் சொல்லிக்கொள்ளவில்லை. கிளம்பும் அன்று அம்மா ஊறுகாய் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார்கள், பக்கத்தில் என் வேதத்தையும் வைத்தார்கள். அங்கே போய்த் திறந்து பார்த்தால், ஆதியாகமம் 46-இல் ஒரு ரிப்பன் துண்டு இருந்தது.