மார்ச் மாசத்து பாயிண்ட்ஸ் டேபிளை நம்பலாமா? என்ஆர்எல் டீம்களை முதல் ஆறு வாரத்துல எடை போடுறது எப்படி

வணக்கம் மக்களே! இன்னைக்கு போர்டுல முதல்ல ரெண்டு டீம் பேரை எழுதுறேன். நியூகாசில் நைட்ஸ், பரமட்டா ஈல்ஸ். 2025 என்ஆர்எல் சீசன், அதாவது ஆஸ்திரேலியா, நியூசிலாந்து டீம்கள் ஆடுற ரக்பி லீக் போட்டி, ரெண்டு ரவுண்டு முடிஞ்சிருக்கு. நைட்ஸ் ரெண்டுக்கு ரெண்டு ஜெயிச்சாச்சு. ஈல்ஸ் முதல் மேட்ச்ல மெல்பர்ன் ஸ்டார்ம்கிட்ட 56-18, அடுத்ததுல வெஸ்ட்ஸ் டைகர்ஸ்கிட்ட 32-6ன்னு அடி வாங்கி, அடிச்ச பாயிண்ட்ல வாங்கினதைக் கழிச்சா ரெண்டே மேட்ச்ல மைனஸ் 64ல நிக்கிறாங்க. அதே சீசனோட கடைசி ரவுண்டுல இந்த ரெண்டு டீமும் நேருக்கு நேர் வந்தாங்க. ஈல்ஸ் 66, நைட்ஸ் 10. நைட்ஸுக்குப் பதினேழாவது இடம், அதாவது கடைசி. ஈல்ஸ் பதினொண்ணாவது.

இதை அதிர்ஷ்டம்னு தள்ளிட்டுப் போயிடக் கூடாது. மார்ச்லயே இதுக்கான தடயம் இருந்துச்சு. டேபிள்ல இல்லை, மேட்சுக்குள்ள. அதை எப்படித் தேடுறதுன்னுதான் இன்னைக்கு வீடியோ.

புதுசா பார்க்கிறவங்களுக்கு ஒரு வரி. இது ரக்பி யூனியன் இல்லை, ரக்பி லீக். பக்கத்துக்கு 13 பேர். எதிரணி பந்து வெச்சிருக்கிறவரைப் பிடிச்சு நிறுத்துறது டாக்கிள். பந்து கையில இருக்கிற டீமுக்கு ஆறு டாக்கிள், அதுக்குப் பேரு ஒரு செட். அஞ்சாவது டாக்கிள் முடிஞ்சதும் பெரும்பாலும் கிக் அடிச்சு பந்தை எதிரணிக்குக் கொடுப்பாங்க. எதிரணிக் கோட்டைத் தாண்டி பந்தைத் தரையில வெச்சா அது டிரை, 4 பாயிண்ட். அதுக்கப்புறம் கம்பத்துக்கு நடுவுல உதைக்கிறது கன்வெர்ஷன், 2 பாயிண்ட்.

முதல்ல டேபிள்ல இருக்கிற பொய்யை எடுத்துடுவோம். என்ஆர்எல்ல 17 டீம். அதனால ஒவ்வொரு ரவுண்டுலயும் குறைஞ்சது ஒரு டீமுக்கு மேட்ச் இருக்காது. அதுக்கு பை-ன்னு பேரு. மேட்ச் ஆடாமலே அந்த டீமுக்கு ரெண்டு பாயிண்ட் கிடைச்சிடும், ஜெயிச்சா கிடைக்கிற அதே ரெண்டு பாயிண்ட். 27 ரவுண்டுல ஆளுக்கு 24 மேட்ச், 3 பை. சீசன் முடிவுல எல்லாருக்கும் சமமாயிடும். ஆனா ஏப்ரல்ல சமம் இல்லை. 2025ல முதல் பை கோல்ட் கோஸ்ட் டைட்டன்ஸுக்கு. ஒரு நிமிஷம்கூட ஆடாம, முதல் வாரம் தோத்த எட்டு டீமுக்கும் மேல உட்கார்ந்திருந்தாங்க. சீசன் முடியும்போது பதினாறாவது இடம். அதனால நான் பாயிண்ட்ஸ் பக்கமே போக மாட்டேன். ஆடின மேட்ச் எத்தனை, அதுல தோல்வி எத்தனைன்னு மட்டும் எழுதுவேன்.

அடுத்து பாயிண்ட்ஸ் வித்தியாசம். பாயிண்ட்ஸ் சமமா இருந்தா டேபிள்ல யாரு மேலங்கிறதை முடிவு பண்றது இதுதான். ஆனா ஆரம்பத்துல ஒரே ஒரு மோசமான ராத்திரி, ஆறு வாரக் கணக்கையும் கெடுத்துடும். சிட்னி ரூஸ்டர்ஸைப் பாருங்க. 2025 முதல் ரவுண்டுல சொந்த மண்ணுல பிரிஸ்பேன் பிராங்கோஸ்கிட்ட 50-14. அடுத்த வாரமே நாலு வருஷமா சாம்பியனா இருந்த பென்ரித் பாந்தர்ஸை 38-32ன்னு ஜெயிச்சாங்க. வித்தியாசத்தைக் கணக்குப் போடும்போது ஒரு டீமோட ஆகப் பெரிய வெற்றி ஒண்ணையும் ஆகப் பெரிய தோல்வி ஒண்ணையும் தள்ளிட்டு மீதியை மட்டும் கூட்டுங்க. அப்பதான் அந்த டீமோட வழக்கமான நாள் எப்படி இருக்குன்னு புரியும்.

இப்ப பென்ரித்துக்கு வர்றேன். ஆரம்ப சீசனைத் தப்பா படிக்கிறதுக்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியலை. 2021லேருந்து 2024 வரைக்கும் வரிசையா நாலு கோப்பை. 2025ல லாஸ் வேகஸ்ல குரோனுல்லா ஷார்க்ஸை 28-22ன்னு ஜெயிச்சு ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறம் வரிசையா அஞ்சு தோல்வி. மே மாசக் கடைசியில டேபிள்லயே கடைசி இடம். "கதை முடிஞ்சுது"ன்னு எழுதாத ஆளே இல்லை.

முதல் மூணு மேட்சை மட்டும் எடுத்துக்கோங்க. 28-22, 32-38, 24-30. அடிச்சது 84, வாங்கினது 90. தோத்த ரெண்டு மேட்சும் ஆறே பாயிண்ட்ல, அதாவது கன்வெர்ஷனோட ஒரு டிரை. மேட்சுக்கு 28 பாயிண்ட் அடிக்கிற டீமுக்கு அட்டாக் செத்துப் போச்சுன்னு யாரும் சொல்ல முடியாது. கோளாறு முழுக்க டிஃபென்ஸ்ல. 2023ல இதே டீம் 24 லீக் மேட்ச்ல மொத்தமே 312 பாயிண்ட்தான் விட்டுக் கொடுத்துச்சு, மேட்சுக்கு 13. இப்ப மேட்சுக்கு 30. அப்போ கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு: இந்த ஓட்டை அடைபடுற ஓட்டையா, இல்லையா?

இதை நல்லா கவனிங்க. டிஃபென்ஸ்ல ரெண்டு பகுதி இருக்கு. நடுப்பகுதியில நிக்கிறது ப்ராப், லாக், ஹூக்கர். அங்க உடம்பு பலமும் மூச்சும்தான் பேசும். ஓரத்துல, அதாவது எட்ஜ்ல, ஒரு ஹாஃப் (ஹாஃப்பேக் இல்லைன்னா ஃபைவ்-எய்ட்), ஒரு செகண்ட் ரோவர், ஒரு சென்டர், ஒரு விங்கர். பந்து ஓரத்துக்கு வேகமா வரும்போது இந்த நாலு பேரும் ஒரே நொடியில ஒரே முடிவு எடுக்கணும். ஒண்ணு, முன்னாடி பாய்ஞ்சு பாஸை மறிக்கணும், அது ஜாம். இல்லைன்னா வரிசையோட பக்கவாட்டுல நகரணும், அது ஸ்லைடு. சென்டர் ஜாம் பண்ணி, உள்பக்கம் இருக்கிறவர் ஸ்லைடு பண்ணாம அப்படியே நின்னுட்டா, நடுவுல ஒரு ஆள் நிம்மதியா புகுந்து ஓடுற அளவுக்கு இடைவெளி விழும். ரெண்டு பேருமே நல்ல டாக்லராகூட இருக்கலாம். ஆனா பக்கத்துல இருக்கிறவர் என்ன பண்ணுவார்னு பார்க்காமலே தெரியணும். அதுக்குச் சேர்ந்து ஆடின மேட்ச் வேணும்.

2024 முடிஞ்சதும் பென்ரித்தை விட்டுப் போனவங்க யாரு? ஃபைவ்-எய்ட் ஜெரோம் லுவாய், விங்கர் சுனியா டுருவா, ரெண்டு பேரும் டைகர்ஸுக்கு. ப்ராப் ஜேம்ஸ் ஃபிஷர்-ஹாரிஸ் நியூசிலாந்து வாரியர்ஸுக்கு. எட்ஜ்ல ரெண்டு பேர், நடுவுல ஒருத்தர். அதோட பென்ரித் ஸ்டேடியத்துல மறுகட்டுமானம் நடந்ததால ஹோம் மேட்ச்ல பெரும்பாலானதைப் பரமட்டாவுல இருக்கிற காம்பேங்க் ஸ்டேடியத்துல ஆடினாங்க. ஆனா நேதன் கிளியரி இருக்கார், ஐசாயா யோ இருக்கார், டிலன் எட்வர்ட்ஸ் இருக்கார். எட்ஜ் ஜோடி புதுசு, அடித்தளம் பழசு. இது அடைபடுற ஓட்டை. அடைஞ்சுது. அதுக்கப்புறம் வரிசையா ஒன்பது வெற்றி, ஏழாவது இடம், முதல் எட்டு டீம் ஆடுற ஃபைனல்ஸ்ல வாரியர்ஸை 24-8, புல்டாக்ஸை 46-26. கடைசியில கிராண்ட் ஃபைனலுக்கு ஒரு படி கீழ பிராங்கோஸ்கிட்ட 16-14. ரெண்டே பாயிண்ட்!

நைட்ஸ் கதை இதுக்கு நேர் எதிர். முதல் மேட்ச்ல டைகர்ஸை ஜெயிச்ச ஸ்கோர் 10-8. எண்பது நிமிஷத்துல பத்து பாயிண்ட். எதிரணி ஒரு பெனால்டி கோல் கூடப் போட்டிருந்தா டை. ரெண்டாவது மேட்ச்ல டால்ஃபின்ஸை 26-12ன்னு ஜெயிச்சதும் உண்மைதான். ஆனா அந்த டீம்ல ஆட்டத்தை நடத்துற ஒரு நிரந்தர ஹாஃப்பேக் இல்லை. இது வெளியில இருக்கிறவங்க குறை சொல்றது இல்லை. அதே மார்ச் மாசத்துலதான் கிளப்பே ஈல்ஸோட டிலன் பிரவுனை 2026லேருந்து பத்து வருஷத்துக்கு, சுமாரா 1.3 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு ஒப்பந்தம் பண்ணுச்சு. ரெண்டு மேட்ச் ஜெயிச்ச சந்தோஷத்துல இதை நிறைய பேர் தனிச் செய்தியா பார்த்தாங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கணும். ஒரு கிளப் அவ்வளவு பணத்தை ஒரு பொசிஷன்ல கொட்டுதுன்னா, அங்க ஆள் இல்லைன்னு அவங்களே சொல்றாங்கன்னு அர்த்தம். டிஃபென்ஸ் ஓட்டையைப் பயிற்சியில அடைக்கலாம். இல்லாத ஹாஃப்பேக்கை சீசன் நடுவுல உருவாக்குறது ரொம்பக் கஷ்டம்.

ஈல்ஸ்கிட்ட ஹாஃப்பேக் இருந்தார், ஆனா களத்துல இல்லை. மிட்செல் மோசஸ் பாத காயத்தோட வெளியில. கோச் ஜேசன் ரைல்ஸுக்கும் அதுதான் முதல் வருஷம். மேற்கு சிட்னியில டூங்காபி, பென்டில் ஹில், வென்ட்வொர்த்வில் பக்கம் இருந்து ஸ்டேடியத்துக்குப் போற நம்ம ஆட்களுக்கு அந்த மார்ச் எப்படி இருந்திருக்கும்னு புரியுது. ஆனா மைனஸ் 64ஐ விட மோசஸ் திரும்புற தேதிதான் முக்கியமான தகவலா இருந்துச்சு. ஈஸ்டர் திங்கட்கிழமை டைகர்ஸை 38-22ன்னு ஜெயிச்சாங்க, அஞ்சு வாரம் முன்னாடி 32-6ன்னு தோத்த அதே டீமை.

அதனாலதான் ஸ்பைன், அதாவது டீமோட முதுகெலும்புங்கிற வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்றோம். ஜெர்சி நம்பர் 1 ஃபுல்பேக், 6 ஃபைவ்-எய்ட், 7 ஹாஃப்பேக், 9 ஹூக்கர். ஒவ்வொரு வாரமும் டீம் லிஸ்ட் வந்ததும் இந்த நாலு நம்பரை மட்டும் எழுதி வைங்க. ஆறு வாரத்துல நாலு பேரும் சேர்ந்து எத்தனை மேட்ச் ஆடினாங்க? மூணுக்குக் கீழன்னா அந்த டீமைப் பத்தி இன்னும் தீர்ப்பு சொல்ல முடியாது. 2021ல மேன்லி முதல் நாலு மேட்சும் தோத்தாங்க, அதுல ரூஸ்டர்ஸ்கிட்ட 46-4, பென்ரித்கிட்ட 46-6. ஃபுல்பேக் டாம் டிரபோயெவிச் காயத்துல இருந்தார். ஆறாவது ரவுண்டுல வந்தார், டீம் நாலாவது இடத்துல முடிச்சுது, அந்த வருஷம் சீசனோட சிறந்த ஆட்டக்காரருக்கான டாலி எம் விருதும் அவருக்குத்தான்.

மூளை அதிர்ச்சி விதியையும் இங்கயே சொல்லிடுறேன். கன்கஷன் உறுதியானா பொதுவா 11 நாள் ஆட முடியாது. சனிக்கிழமை அடிபட்டவர் அடுத்த சனிக்கிழமை கிடையாது. ஹூக்கர் ஒருத்தர் அப்படிப் போனா, அடுத்த வாரத் தோல்வியை டீமோட தரத்துல சேர்க்காதீங்க.

இப்ப மேட்சுக்குள்ள எண்ணுறது. என்ஆர்எல் ஆப்ல மேட்ச் சென்டர்ல எல்லாம் இருக்கு. முதல்ல கம்ப்ளீஷன். ஒரு டீமுக்கு ஒரு மேட்ச்ல சுமாரா 40 செட். 80 சதவீதம்னா 32 செட்டை பந்து விடாம முடிச்சிருக்காங்க, 8 முறை கோட்டை விட்டிருக்காங்க. 70 சதவீதம்னா 12 முறை. அந்த நாலு செட் வித்தியாசம் பெரும்பாலும் எதிரணிக்கு நம்ம பாதியிலயே பந்தைக் கொடுக்கும், அப்புறம் டாக்கிள் பண்ணியே ஃபார்வர்டுக்கு மூச்சு வாங்கும். ஆனா மார்ச்ல டவுன்ஸ்வில், பிரிஸ்பேன் மேட்ச் நடக்கிறப்போ காத்துல ஈரப்பதம், பந்து சோப்பு மாதிரி வழுக்கும். அங்க 75 வந்தாலே போதும். அதேபோல 85 சதவீதம் முடிச்சும் ரெண்டு டிரைதான் போட்டாங்கன்னா, அந்த டீம் பயந்து ஆடுதுன்னு எழுதிக்கோங்க.

அப்புறம் விட்ட டிரை எல்லாம் எங்க விழுந்துச்சுன்னு ஒரு கட்டம். இடது எட்ஜ், நடு, வலது எட்ஜ், கிக். ஹைலைட்ஸ் பார்த்தாலே அஞ்சு நிமிஷத்துல போட்டுடலாம். எட்ஜ்ல குவிஞ்சிருந்தா காத்திருங்க. நடுவுல, கம்பத்துக்குப் பக்கத்துல, அதுவும் அறுபதாவது நிமிஷத்துக்கு மேல விழுந்தா கவலைப்படணும். பெஞ்சுல ஆழம் இல்லைன்னு அர்த்தம். பிரதான ப்ராப் வெளியில போய் உட்கார்ற இருபது நிமிஷத்துல ஆட்டம் கைமாறுதுன்னா, அது ஜூலையில இன்னும் மோசமாகும்.

ஜூலை ஏன்னா ஸ்டேட் ஆஃப் ஆரிஜின், ரெண்டு மாநிலங்கள் சீசன் நடுவுல மோதுற மூணு மேட்ச் தொடர். 2025ல மே 28, ஜூன் 18, ஜூலை 9. நல்ல ஆட்களை எல்லாம் நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் எடுத்துட்டுப் போயிடும். கான்பெரா ரெய்டர்ஸுக்கு அந்தச் சேதம் குறைவு. வேகஸ்ல வாரியர்ஸை 30-8ன்னு ஜெயிச்சு ஆரம்பிச்சவங்க, 19 வெற்றி, 5 தோல்வியோட டேபிள்ல முதலிடம். இதையும் முழுசா சொல்லணும்: ஃபைனல்ஸ்ல முதல் மேட்ச் பிராங்கோஸ்கிட்ட கோல்டன் பாயிண்ட்ல, அதாவது டை ஆகி கூடுதல் நேரத்துல 29-28ன்னு தோல்வி, அடுத்தது ஷார்க்ஸ்கிட்ட 32-12. முடிஞ்சுது. மார்ச், ஏப்ரல்ல நாம எடை போடுறது லீக் டேபிளுக்குத்தான் பொருந்தும். செப்டம்பர் ஃபைனல்ஸுக்கு மறுபடியும் எடை போடணும்.

புல்டாக்ஸை நான் கொஞ்சம் கூடுதலாவே நம்பினேன், அதை மறைக்கலை. குட் ஃப்ரைடே அன்னைக்கு சவுத் சிட்னியை 32-0ன்னு அடிச்சப்போ அந்த டிஃபென்ஸைப் பார்த்து மயங்காதவங்க இல்லை. அடுத்த மேட்ச்லயே பிராங்கோஸ் அவங்க மேல 42 பாயிண்ட் போட்டாங்க, 42-18, அதுதான் சீசனோட முதல் தோல்வி. சீசன் நடுவுல லாக்லன் கால்வினை டைகர்ஸ்லேருந்து கொண்டு வந்து ஹாஃப் ஜோடியை மாத்தினாங்க. மூணாவது இடம் வந்தும் ஃபைனல்ஸ்ல ரெண்டு மேட்சும் தோல்வி. ஓடிட்டிருக்கிற ஸ்பைனைக் கலைச்சது தப்புங்கிறதுதான் என் கருத்து.

அந்த பிராங்கோஸ் மே மாசத்துல தொடர்ந்து சறுக்கி, அக்டோபர் 5 அன்னைக்கு ஸ்டார்மை 26-22ன்னு ஜெயிச்சு கோப்பையைத் தூக்கினாங்க.

ஆக உங்க நோட்டுல டீமுக்கு ஒரு பக்கம், அஞ்சு கட்டம்: ஆடின மேட்சும் தோல்வியும், பெருசு ரெண்டையும் தள்ளின வித்தியாசம், ஸ்பைன் சேர்ந்து ஆடின மேட்ச், கம்ப்ளீஷன், டிரை விழுந்த இடம். ஆறாவது ரவுண்டு முடிஞ்ச திங்கட்கிழமை வரைக்கும் நிரப்புங்க. உங்க டீமோட அஞ்சாவது கட்டத்தை எனக்கு அனுப்புங்க. எட்ஜ்ல அடி வாங்கிற டீமா இருந்தா, அந்த நாலு பேரோட மேட்ச் கிளிப்பை எடுத்து யார் ஜாம் பண்ணாங்க, யார் நின்னுட்டாங்கன்னு அடுத்த வீடியோவுல ஒவ்வொரு டிரையா நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம்.