படம் எடுப்பவன்தான் பார்க்கிறான்

நடுவர் அவர்களே, இரண்டு அணித் தோழர்களே, அவையோரே, வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். செல்லப்பிராணியோடு நடக்கும்போதும் மலைப்பாதையில் ஏறும்போதும் படம் எடுக்கிறோமே, அது நம்மை அவற்றோடு நெருங்க வைக்கிறதா, விலக்கி வைக்கிறதா? நெருங்க வைக்கிறது என்று பேச வந்திருக்கிறேன். குறிப்பெல்லாம் எழுதி வைத்திருந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி ஒரே வரியில் அரங்கத்தை அள்ளிக்கொண்டு போய்விட்டார். "உங்கள் நாய் உங்களோடு நடக்கிறது, நீங்கள் உங்கள் போனோடு நடக்கிறீர்கள்." அடேயப்பா, என்ன கைதட்டல்! குறிப்பை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். இதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

எங்கள் வீட்டு நாயின் பெயர் கருப்பன். பெயருக்கேற்ற நிறம். மூக்கு எங்கே முடிகிறது, முகம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. காலையில் நாங்கள் குன்றுப் பக்கம் நடக்கப் போவோம். வழியில் ஒரு திருப்பம். அங்கே வந்ததும் நின்றுவிடுவான். கூப்பிட்டால் காது திரும்பும், தலை திரும்பாது. நாலு காலையும் ஊன்றிக்கொண்டு ஒரு கல்லையே பார்த்துக்கொண்டு நிற்பான். நானும் பார்ப்பேன். கல். மறுநாளும் அதே திருப்பம், அதே நிற்பு. நானும் பார்ப்பேன். அதே கல்!

ஒரு நாள் விடிந்த கையோடு போயிருந்தோம். சூரியன் தாழ்வாக இருக்கும்போது ஒளி நிறையக் காற்றைக் கடந்து வருகிறது. நீலம் வழியிலேயே சிதறிப்போய் மஞ்சளும் சிவப்பும்தான் மிஞ்சும். கறுப்பு நாயைப் படம் எடுக்க இதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. நாயைப் படம் எடுக்கிற யாரைக் கேட்டாலும் முதல் பாடமாக ஒன்றைத்தான் சொல்வார்கள்: அதன் கண் மட்டத்துக்கு இறங்கு. இறங்கினேன். மண்ணில் குப்புறப் படுத்துவிட்டேன். திரையில் அவன் கண்ணைத் தொட்டேன். கறுப்பைக் கண்டால் கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், அதனால் வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கினேன். அப்போதுதான் முகம் வந்தது. கறுப்பு என்று நினைத்த நெற்றிமுடியின் நுனியில் செம்பட்டை. மீசை மயிர் ஒன்றில் ஒரே ஒரு பனித்துளி. சரி, இந்தக் கண் எங்கேதான் பார்க்கிறது என்று போனை அந்தப் பக்கம் திருப்பினால், கல்லுக்கு அடியில் ஒரு பொந்து. பொந்துக்குள் ஒரு தேரை! தங்க நிறக் கண். உடம்பு அசையவில்லை, தொண்டை மட்டும் படக் படக் என்று துடிக்கிறது.

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, இன்னொரு தடவை சொல்கிறேன். நின்று பார்த்தவனுக்குக் கல். படுத்துப் படம் எடுத்தவனுக்குத் தேரை!

இதையே கருப்பன் பக்கமிருந்து பாருங்கள். தினமும் கூட்டிவந்து காட்டுகிறேன், இந்த மனிதர் 'வாடா, வாடா' என்கிறார். இன்றைக்குத்தான் படுத்தார், பார்த்தார்! வால் ஆடுகிறது பாருங்கள், அப்படி ஓர் ஆட்டம். சரி, தேரையின் பக்கமிருந்து? இத்தனை நாள் வாசலில் ஒரு தலை தெரிந்தது. இன்றைக்கு இரண்டு!

நாய் வளர்ப்பவர்களுக்கு இடையில் ஒன்று. தேரையின் தோலில் நஞ்சு உண்டு. கவ்வினால் நாய்க்கு வாயில் நுரை தள்ளும், உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். அதனால் அன்றும் கயிறு என் கையில்தான் இருந்தது.

இப்போது சொல்லுங்கள் சகோதரி, அன்றைக்கு நான் யாரோடு நடந்தேன்? படம் எடுக்க ஆசைப்பட்டதால்தான் படுத்தேன். படுத்ததால்தான் என் நாய் எதைப் பார்த்துக்கொண்டு நின்றது என்று எனக்குத் தெரிந்தது. கூடவே நடந்தால் மட்டும் இது தெரிந்துவிடுமா?

அந்த வரிக்கு முட்டுக்கொடுக்க ஓர் ஆராய்ச்சியையும் சொன்னார். படம் எடுத்தால் நினைவு மங்குமாம். 2014-ல் லிண்டா ஹென்கெல் என்ற உளவியல் ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு அது, நானும் படித்திருக்கிறேன். அருங்காட்சியகத்தில் முழுப் பொருளையும் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தவர்களுக்கு நினைவு குறைந்தது உண்மை. ஆனால் சகோதரி பாதியில் நிறுத்திவிட்டார். அதே ஆய்வில், பொருளின் ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தவர்களுக்கு நினைவு குறையவே இல்லை. படத்துக்குள் வராத பகுதிகூட அவர்களுக்கு நினைவிருந்தது! சும்மா சுட்டுவிட்டுப் போனால் மறக்கும், நின்று நெருங்கினால் தங்கும். அந்த மீசைப் பனித்துளியை நான் எப்படி மறப்பேன்?

கண்ணுக்குத் தெரியாததைக் கேமராவா காட்டப் போகிறது என்றும் கேட்டார். பாயும் குதிரையின் நாலு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுகின்றனவா என்று மனிதர்கள் வெகுகாலம் வாதாடினார்கள். குதிரை அவர்கள் கண்ணெதிரேதான் ஓடிக்கொண்டிருந்தது. 1878-ல் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் கேமராக்களை வரிசையாக நிறுத்தி எடுத்த பிறகுதான் ஆமாம், எழுகின்றன என்று முடிவானது. அது போதும்.

இனி நான் சொல்லப்போவதை வாதம் என்று எடுத்துக்கொண்டாலும் சரி, எடுத்துக்கொள்ளாவிட்டாலும் சரி. கருப்பனுக்கு வயதாகிவிட்டது. போன வாரம் ஒரு ராத்திரி அவன் படங்களை ஆரம்பத்திலிருந்து தள்ளிப் பார்த்தேன். முதல் வருடப் படங்களில் பெரும்பாலும் வால்தான் இருக்கிறது. எப்போதும் முன்னால் ஓடுகிறான், நான் பின்னாலிருந்து எடுத்திருக்கிறேன். அடுத்து வந்த வருடங்களில் முழங்காலை ஒட்டிப் பக்கத்தில் வருகிறான். இப்போதைய படங்களிலோ நான் திரும்பி நிற்கிறேன். அவன் பின்னால் வருகிறான், மெதுவாக. மோவாயில் வெள்ளை ஏறியிருக்கிறது. கண்ணில் லேசாக நீலம் படர்ந்திருக்கிறது. அவன் எந்த நாளில் முன்னாலிருந்து பின்னால் போனான்? தினமும் கூடவே நடந்த எனக்குத் தெரியவில்லை, அம்மா. படங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அன்றிலிருந்து நடையைக் குறைத்துக்கொண்டேன். திருப்பம்வரை போவதில்லை. பாதி வழியில் அவன் உட்கார்ந்தால் நானும் உட்கார்ந்துகொள்கிறேன்.

சகோதரி, உங்கள் வீட்டுப் பூனைக்குப் பதினாறு வயது என்று பேச்சினிடையே சொன்னீர்கள். அதன் படம் ஒன்றுகூட உங்களிடம் இல்லை என்று பெருமையாகவும் சொன்னீர்கள். தீர்ப்பை நடுவர் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சொல்லட்டும். நாளைக் காலையில் அது ஜன்னலோரம் படுத்திருக்கும்போது நீங்களும் தரையில் படுத்து, அதன் கண்ணைப் பார்த்து ஒரே ஒரு படம் எடுங்கள். பிளாஷ் மட்டும் போடாதீர்கள், பயந்து ஓடிவிடும்.

நன்றி, வணக்கம்.