நுனி எதைத் தொடுகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

குளிர்பெட்டி நிற்காமல் ஓடினாலும் சரி, குளிராமல் போனாலும் சரி, முதல் பழி, குளிரை அறிந்து கம்ப்ரசரை ஓட்டி நிறுத்தும் தெர்மோஸ்டாட் மேல்தான் விழும். தொழில் பழகிய நாட்களில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரே பெட்டிக்கு இரண்டு முறை புது தெர்மோஸ்டாட் மாட்டினேன். கோளாறு அப்படியே இருந்தது. மூன்றாவதைப் பிரிக்கும்போது என் ஆசான் டார்ச்சை வாங்கி உள்ளே அடித்துக் காட்டினார். தெர்மோஸ்டாட்டிலிருந்து நீளும் மெல்லிய கேபிலரி குழாயின் நுனி கூலிங் தகட்டைத் தொடாமல் அரை விரல் தள்ளி நின்றது. கழற்றிப் போட்ட இரண்டும் நல்ல கருவிகள். தம்மைச் சுற்றியிருந்த காற்றின் குளிரை அவை ஒழுங்காகவே அறிந்திருக்கின்றன. தகட்டின் குளிர் அவற்றுக்கு எட்டவே இல்லை.

அன்றிலிருந்து தெர்மோஸ்டாட் மாட்டும் வேலையில் பாதி நேரத்தை நான் நுனிக்கே கொடுக்கிறேன்.

அந்த மெல்லிய செப்புக் குழாய்க்குள் எளிதில் ஆவியாகும் ஒரு பொருளை அடைத்து மூடியிருக்கிறார்கள். நுனி சூடேறினால் உள்ளே அழுத்தம் கூடும். மறுமுனையிலுள்ள பெல்லோஸ் என்ற மடிப்பு உறை விரியும், ஸ்விட்ச் சேரும், கம்ப்ரசர் ஓடும். குளிர்ந்தால் அழுத்தம் இறங்கும், ஸ்விட்ச் பிரியும். குழாய் விரிசல் விட்டு உள்ளிருப்பது வெளியேறிவிட்டால் அழுத்தமே இருக்காது. கம்ப்ரசர் ஓடாது. ஆகவே குழாயைச் சுருட்டும்போது கூர்மையாக மடக்கக் கூடாது. மிச்ச நீளத்தை அகலமான வளையமாகச் சுற்றி, அதிர்வில் உரசாத இடத்தில் கட்டிவிடுங்கள்.

ஆவி நிரப்பிய வகையில் இன்னொரு நுட்பம் உண்டு. குழாயில் எந்த இடம் மிகக் குளிர்ந்திருக்கிறதோ, அங்கேதான் உள்ளிருக்கும் ஆவி திரவமாகும். அழுத்தத்தை நிர்ணயிப்பதும் அந்த இடமே. நுனியை விட, பெல்லோஸ் உள்ள தலைப்பகுதி குளிர்ந்துபோனால், தெர்மோஸ்டாட் தன் தலையின் குளிரைத்தான் அளக்கும். நடுக்குழாய் ஐஸ் படிந்த தகட்டில் உரசினாலும் இதே கதிதான். நுனியை நன்றாக அழுத்திக் கிளிப் போட்டாயிற்று, இருந்தும் கணக்கு தவறுகிறது என்றால் குழாய் போகும் வழி முழுவதையும் பாருங்கள்.

இப்போது பலரும் இந்த வகைத் தெர்மோஸ்டாட்டை விட்டு டிஜிட்டல் கன்ட்ரோலருக்கு மாறுகிறார்கள். அதன் சென்சார் பெரும்பாலும் என்.டி.சி. வகை. குளிரக் குளிர அதன் மின்தடை ஏறும். 25 டிகிரி செல்சியஸில் 10 கிலோ ஓம் காட்டும் வகை பரவலாகக் கிடைக்கிறது. கன்ட்ரோலருக்கு ஏற்ற வகையைத்தான் போட வேண்டும். வேறு வகையைப் போட்டால் திரையில் எண் வரும், ஆனால் அது பொய்யான எண்ணாக இருக்கும். சென்சார் கம்பியையும் மின்சாரம் போகும் கம்பியையும் ஒரே கட்டாகக் கட்டாதீர்கள். எண் குதிக்கும்.

மாட்டுவதற்கு முன் ஒரு பாத்திரத்தில் நொறுக்கிய ஐஸை நிரப்பி, அது மூழ்கும் அளவுக்குக் கொஞ்சம் நீர் விட்டுக் கலக்கி, சென்சாரை அதில் சில நிமிடம் வையுங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். ஒரு டிகிரி தள்ளிக் காட்டினால் கன்ட்ரோலரின் அமைப்பில் அதைத் திருத்திக்கொள்ளலாம். எவ்வளவு அவசரமானாலும் இந்தச் சோதனையை நான் விட்டதில்லை.

காற்றை அளக்கும் சென்சாரைக் கதவருகே வைத்தால், ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் கம்ப்ரசர் கிளம்பும். விசிறி வீசும் குளிர்காற்றுக்கு நேரே வைத்தால், பொருள்கள் குளிரும் முன்பே நின்றுவிடும். குளிர் அறைகளில், அறையைச் சுற்றிவிட்டுக் காயிலுக்குத் (குளிரூட்டும் குழாய்த் தொகுதிக்கு) திரும்பும் காற்று படும் இடமே பொருத்தமானது. சுவரில் ஒட்ட வைக்காதீர்கள்.

நாம் வேண்டும் குளிரின் எண் செட் பாயின்ட். ஓடத் தொடங்கும் எண்ணுக்கும் நிற்கும் எண்ணுக்கும் உள்ள இடைவெளி வித்தியாசம். செட் பாயின்ட் 4 டிகிரி, வித்தியாசம் 2 என்று வைத்தால், சில கன்ட்ரோலர்களில் 6-ல் ஓடத் தொடங்கி 4-ல் நிற்கும். சிலவற்றில் அந்த 2 டிகிரி 4-க்கு மேலும் கீழுமாகப் பிரியும். கையேட்டைப் படிக்காமல் ஊகிக்க வேண்டாம். வித்தியாசத்தை அரை டிகிரிக்குக் குறைத்தால் குளிர் துல்லியமாகும் என்று சிலர் நம்புகிறார்கள். கம்ப்ரசர் அடிக்கடி நின்று நின்று ஓடும், அதன் ஆயுள்தான் குறையும். நின்ற கம்ப்ரசரில் இரு பக்க அழுத்தமும் சமமாகச் சில நிமிடம் வேண்டும். அதற்குள் கிளப்பினால் திணறிச் சூடாகும். நின்றபின் மீண்டும் கிளம்பும் வரையிலான தாமத நேரத்தைக் குறைந்தது 3 நிமிடமாவது வையுங்கள்.

கன்ட்ரோலருக்குள் மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் ஸ்விட்சான ரிலே விஷயத்தில் தயவுசெய்து கவனமாக இருங்கள். கிளம்பும் நொடியில் கம்ப்ரசர் இழுக்கும் மின்னோட்டம், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு. கன்ட்ரோலரின் சிறு ரிலே அதைத் தாங்காவிட்டால் முனைகள் ஒட்டிக்கொள்ளும். பிறகு பெட்டி நிற்கவே நிற்காது, உள்ளிருப்பதெல்லாம் உறைந்துபோகும். பெரிய கம்ப்ரசருக்கு நடுவில், அதிக மின்னோட்டம் தாங்கும் பெரிய ஸ்விட்சான ஒரு கான்டாக்டர் போட்டே ஆக வேண்டும்.

சென்சார் கம்பியை உள்ளே விடப் பக்கச் சுவரில் துளை போடத் தோன்றும். வேண்டாம். பல பெட்டிகளில் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர் குழாய் அந்தச் சுவருக்குள்தான் ஓடுகிறது. அது துளைபட்டால் உள்ளிருக்கும் குளிரூட்டும் வாயு வெளியேறும். ஆர்600ஏ வாயு உள்ள பெட்டியாக இருந்தால் அது தீப்பற்றும் வாயு. ஏற்கெனவே இருக்கும் துளையையோ வடிகால் வழியையோ பாருங்கள். வடிகால் வழியே விட்டால் நீர் இறங்க இடம் இருக்கட்டும். கம்பி நுழையும் மற்ற துளைகளைச் சீலன்ட் வைத்து அடையுங்கள். இடைவெளி விட்டால் ஈரக்காற்று புகுந்து உள்ளே ஐஸ் கட்டும். பிளக்கைப் பிடுங்காமல் எந்த முனையையும் தொடாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். ஒரு குவளை நீரில் தனி வெப்பமானி ஒன்றைப் போட்டு நடுத் தட்டில் வையுங்கள். காற்றின் எண் ஏறி இறங்கும். நீரின் எண் மெதுவாகத்தான் நகரும், பொருள்கள் படும் குளிர் அதற்குத்தான் நெருக்கம். மறுநாள் அந்த எண்ணைப் பார்த்துச் செட் பாயின்டைத் திருத்துங்கள். திருத்திய எண், வித்தியாசம், தாமதம் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி, கன்ட்ரோலர் மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்து அதைத் திறப்பவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.

வணக்கம்.