அடுத்த பந்து

நேயர்களுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக் கொடுப்பது என் வேலை. போட்டியில் தோற்ற பிள்ளை வீடு திரும்பும் நேரத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். டென்னிஸ் என்றில்லை, கேரம், சதுரங்கம், எதுவானாலும் சரி. ஸ்கூட்டரின் பின்சீட்டில் பிள்ளை வாயே திறக்காது. முன்னால் அப்பா, "அந்த ஒரு பந்தை மட்டும் வலையில் அடிக்காமல் இருந்திருந்தால்..." என்று ஆரம்பிப்பார். அந்த ஒரு பந்து! அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

1993 விம்பிள்டன், பெண்கள் இறுதியாட்டம். ஒரு பக்கம் ஜெர்மனியின் ஸ்டெஃபி கிராஃப். எதிரே செக் நாட்டின் யானா நோவோட்னா. செர்வ், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடி, போட்ட கையோடு நோவோட்னா வலையை நோக்கி ஓடி, பந்து தரையைத் தொடுமுன் அடித்துவிடுவார். பார்க்க அவ்வளவு அழகு. பல கேம் சேர்ந்தது ஒரு செட்; மூன்றில் இரண்டு செட் எடுப்பவருக்கு வெற்றி. முதல் செட் 7-6, கிராஃபுக்கு. இரண்டாவதை 6-1 என்று நோவோட்னா அள்ளிக்கொண்டார். மூன்றாவதில் கேம் கணக்கில் 4-1 முன்னிலை. செர்வும் அவர் கையில். அந்த கேமில் புள்ளிக் கணக்கு 40-30. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் 5-1. அங்கே விழுந்தது டபுள் ஃபால்ட். இரண்டு செர்வும் தப்பி, புள்ளி எதிராளிக்குப் போய்விட்டது. அந்த கேம் போனது. அடுத்ததும் போனது. வரிசையாக ஐந்து கேம்! 6-4 என்று கிராஃப் கோப்பையை வாங்கிவிட்டார். பரிசளிப்பில் பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் கென்ட் கோமகளின் தோளில் சாய்ந்து நோவோட்னா அழுதார். எத்தனை வருடமானாலும் அந்தக் காட்சி என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

எல்லோரும் அந்த டபுள் ஃபால்ட்டைத்தான் சொல்வார்கள். நான் பிள்ளைகளிடம் ஸ்கோரைப் பார்க்கச் சொல்வேன். அந்த கேமை இழந்த பிறகும் 4-2, முன்னால் இருந்தது நோவோட்னாதான். ஒரு பந்துக்கு அவ்வளவுதான் விலை. மிச்சமெல்லாம் அதற்கு அடுத்த பந்துகளில் போனது.

சுவிட்சர்லாந்தின் டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரர் 2024-இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் ஒரு கணக்குச் சொன்னார். ஒற்றையரில் 1,526 ஆட்டங்கள். ஏறக்குறைய 80 சதவீதம் வெற்றி. ஆனால் அவர் எடுத்த புள்ளிகள் 54 சதவீதம்தான். கேட்டீர்களா? அவருக்கே நூற்றுக்கு 46 புள்ளி கையைவிட்டுப் போயிருக்கிறது. பிள்ளை ஒரு பந்தை விட்டதற்கு நாம் ராத்திரி முழுக்கப் பேசுகிறோம்.

சரி, நோவோட்னாவுக்கு வருகிறேன். 1997-இல் மறுபடி விம்பிள்டன் இறுதியாட்டம். முதல் செட்டை வென்றும் சுவிட்சர்லாந்தின் மார்ட்டினா ஹிங்கிஸிடம் தோற்றார். 1998-இல் அதே ஹிங்கிஸை அரையிறுதியில் வீழ்த்தினார். இறுதியில் பிரான்ஸின் நாத்தலி தோசியாவை 6-4, 7-6 என்று ஜெயித்தார். அப்போது அவருக்கு 29 வயது. ஆட்டம் மட்டும் அதே ஆட்டம்: செர்வ் போட்டுவிட்டு வலைக்கு ஓட்டம். இரண்டு முறை இறுதியில் தோற்றும் அந்த ஓட்டத்தை அவர் விடவில்லை. நம் வீடுகளில் ஒரு தோல்விக்கே பிள்ளையின் ஆட்டத்தை மாற்றச் சொல்லிவிடுகிறோம்.

நேரம் நெருங்கிவிட்டது. தோற்ற ஆட்டத்தைப் பற்றிப் பிள்ளை எழுதிவைக்கும் நோட்டுப் புத்தகத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். தோற்ற அன்று எதுவும் எழுத வேண்டாம். மறுநாள் மூன்று வரி போதும். எந்த ஸ்கோரில் ஆட்டம் திரும்பியது? அதற்கு அடுத்த பந்தை எப்படி ஆடினேன்? எது நன்றாக வந்தது? மூன்றாவதைப் பிள்ளைகள் எழுதாமல் விட்டுவிடுவார்கள். பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுத வையுங்கள். வணக்கம்.