வேப்பிலையும் தகரமும்

அவைத் தலைவர் அவர்களே, நெல்லை எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் பயணம் செய்து வந்திருக்கும் பொதுச் சுகாதாரத் துறையின் ஓய்வுபெற்ற இணை இயக்குநர் அவர்களே, தம் பள்ளியின் நாற்காலிகளை இந்தக் கூட்டத்துக்குத் தந்து உதவிய தலைமையாசிரியை அவர்களே, எங்கள் வாசகர் வட்டத்தின் தேநீர்ச் செலவை யாருக்கும் தெரியாமல் ஏற்றுவரும் ஜவுளிக்கடை அண்ணாச்சி அவர்களே (இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, பொறுத்தருள வேண்டும்), பாளையங்கோட்டைப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

பெருந்தொற்றுக் காலத்தில் அரசு எடுக்கும் முடிவுகளில் அறிவியல், அறம், பரிவு ஆகிய மூன்றும் எப்படி இணைந்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தரப்பட்டுள்ள பொருள். மூன்றையும் வரிசையாகப் பேசுவதாக உத்தேசம். ஆனால் ‘தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்’ என்ற பழமொழியை விட்டுவிட்டு எனக்கு எதையும் பேசத் தெரியாது என்பதை என் பேச்சை முன்பே கேட்டவர்கள் அறிவார்கள்.

முதலில் அறிவியல். 1896-இல் பம்பாயில் பிளேக் பரவியபோது, ஹாஃப்கின் என்ற ஆய்வாளர் தாம் உருவாக்கிய தடுப்பூசியை 1897 ஜனவரியில் தம் உடம்பிலேயே முதலில் போட்டுக்கொண்டார். அவருக்குக் காய்ச்சலும் வலியும் வந்தன. பழமொழியை எழுத்துக்கு எழுத்து நடத்திக் காட்டிய மனிதர் அவர். அடுத்த மாதமே நான்கே பிரிவுகள் கொண்ட தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. புனேயில் சிப்பாய்கள் வீடு வீடாக, பெண்கள் இருந்த உள்ளறைகள் வரை நுழைந்து சோதனையிட்டார்கள். அவ்வாண்டு ஜூன் 22 இரவு, பிளேக் அதிகாரி ராண்ட் சாபேக்கர் சகோதரர்களால் சுடப்பட்டார். ஒரே நோய், ஒரே மாகாணம், ஒரே ஆண்டு. ஒருவர் ஊசியோடு வந்தார், மற்றவர் சிப்பாய்களோடு வந்தார். 2020-இல் கொரோனா வந்தபோது நம் கையில் இருந்ததும் அதே 1897-ஆம் ஆண்டுச் சட்டம்தான்.

அறிவியலை நான் குறைத்துப் பேசவில்லை. 2021 மே மாதம் மருத்துவமனைகள் மூச்சுக் காற்றுக்குத் தவித்தபோது, நம் மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின் சோதனைக்கென்று இருந்த திரவ ஆக்சிஜன் டேங்கர் லாரிகளில் ஏறி நோயாளிகளுக்குப் போனது. அதைக் கேட்டு நெஞ்சு நிமிராத நெல்லைக்காரர் உண்டா?

இப்போது எங்கள் ஊர்க் கதை ஒன்று. 2020 ஆடி மாதம். எங்கள் தெருவில் பீடி சுற்றிப் பிழைக்கும் ஓர் ஆச்சிக்குக் காய்ச்சல் கண்டு, தொற்று உறுதியானது. லேசான நோய்தான் என்பதால் வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, ஆட்கள் வந்து வாசலில் இரண்டு தகரத்தை வைத்து அடித்தார்கள், ஒரு நோட்டீஸும் ஒட்டினார்கள். அந்த நேரத்தில் ஆச்சியின் செவலை ஆடு தெருவில் மேய்ந்துகொண்டிருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. பொழுது சாய்ந்ததும் அது வீட்டுக்கு வந்தது. வாசலைக் காணோம். தகரத்தை முட்டியது. உள்ளே ஆச்சி “போட்டீ, போ” என்று கத்த, குரலைக் கேட்ட ஆடு இன்னும் பலமாக முட்ட, தெருவே விடிய விடிய உறங்கவில்லை. ஆட்டைப் பிடித்துக் கட்ட யாருக்கும் துணிவில்லை; ஆட்டின் மேல் கிருமி இருந்தால் என்ன செய்வது என்று படித்தவர்களே கேட்டார்கள். அப்படிக் கேட்ட படித்தவர்களில் நானும் ஒருவன்.

முந்தின நாள் பதிவேட்டோடு வந்த அலுவலர், வீட்டுக்கு யார் யார் வந்தார்கள் என்று மூன்று முறை கேட்டிருந்தார். “ஒரு ஈ காக்கா வரல” என்று ஆச்சி சாதித்துவிட்டாள். மறுநாள் காலையில் எங்கள் கிராம சுகாதார செவிலியர் வந்தார். தகரத்துக்கு இந்தப் பக்கம் நின்று அவர் கேட்ட முதல் கேள்வி, “ஆச்சி, செவலைக்குக் குழை யாரு போட்டா?” என்பதுதான். பதிலுக்குக் காத்திராமல் ஆட்டைப் பிடித்து வேப்பமரத்தில் கட்டி, இரண்டு கொப்பு அகத்தியும் ஒடித்துப் போட்டார். சற்று நேரம் சத்தமில்லை. பிறகு உள்ளிருந்து குரல் வந்தது: “நர்சம்மா, ஞாயித்துக்கிழமை சீட்டுக்குப் பதினோரு பேரு வந்தாளுவ, பாத்துக்கோ. பேரைச் சொன்னா அவளுவ வீட்டுக்கும் தகரம் அடிச்சிருவானுவளேன்னுதான் சொல்லல.” பதினோரு பெயர்களும் வந்தன. அவர்களில் நான்கு பேருக்குத் தொற்று இருந்தது.

நான் சொல்ல வந்தது இதுதான். பரிவு என்பது அறிவியல் வேலை முடிந்த பிறகு மேலே தூவும் சர்க்கரை அல்ல. அந்தப் பதினோரு பெயர்கள் இல்லாமல் எந்தப் பரிசோதனைக் கூடத்துக்கும் எங்கள் தெருவில் வேலை இல்லை. அம்மை கண்ட வீட்டில் நம் முன்னோர் வேப்பிலை செருகினார்கள். அதுவும் தனிமைப்படுத்தல்தான், அயலார் உள்ளே வரமாட்டார்கள்; ஆனால் அது அம்மன் வந்திருக்கும் வீடு, குற்றம் செய்த வீடு அல்ல. அதே நம்பிக்கை பலரை அம்மைத் தடுப்பூசிக்கு எதிராகவும் நிறுத்தியது என்பதை மறைக்க மாட்டேன். இருந்தாலும் 1977-இல் பெரியம்மை ஒழிந்த நாடாக இந்தியா அறிவிக்கப்பட்டதற்கு, தடுப்பூசிக்கு இணையாக, வீடு வீடாகப் போய்க் கேட்டு நோயாளியைக் கண்டுபிடித்த ஊழியர்களும் காரணம்.

அறத்தைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். தொற்றில் இறந்த மருத்துவருக்குச் சென்னையில் அடக்க நிலம் மறுக்கப்பட்டதும், 2020 ஏப்ரலில் அப்படித் தடுப்பதைக் குற்றமாக்கி அவசரச் சட்டம் வந்ததும் தனியே ஒரு மாலைக்குரிய பொருள். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அவர் முறைத்துப் பார்ப்பதற்கு முன் நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் கிராம சுகாதார செவிலியர் பணிபுரியும் துணை சுகாதார நிலையம் ஒன்று என்பது விதி. அந்த ஆட்டின் நிறம் வரை தெரிந்த செவிலியர் எங்களுக்கு வாய்த்தது, அவர் பல ஆண்டுகளாக ஊருக்குள்ளேயே குடியிருந்ததால்தான். அவர் ஓய்வுபெற்றுப் போன பிறகு வருபவர் வெளியூரிலிருந்து பஸ் ஏறி வருகிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். செவிலியர் குடியிருப்பில் தண்ணீர்க் குழாய் இல்லை, கழிப்பறைக் கதவு கிடையாது. வந்த நேரத்திலும் பாதி, கைப்பேசியில் விவரம் ஏற்றுவதிலேயே போய்விடுகிறது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்கிறோம். தனக்கு வராதபோதும் தெரிய வேண்டுமானால், பக்கத்துத் தெருவில் குடியிருக்க வேண்டும். அடுத்த தொற்று வந்த பிறகு ஒருவரைக் கொண்டுவந்து இறக்கினால், ஆச்சி மறுபடியும் ஈ காக்கா வரவில்லை என்றுதான் சொல்லுவாள்.

ஆகவே, செவிலியர் குடியிருப்பைப் பழுதுபார்க்கவும், காலியிடங்களை நிரப்பவும், விவரம் ஏற்றுவதற்குத் தனி ஆள் போடவும் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். இணை இயக்குநர் அவர்கள் வரைவைத் திருத்தித் தந்தார்கள், அவர்களுக்கு நன்றி. முதல் பக்கத்தில் இருப்பது ஆச்சியின் கைநாட்டு. நோட்டு, தேநீர் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறோம், தயவுசெய்து யாரும் அவிழ்க்க வேண்டாம். வணக்கம்.